ஐந்தாவது வாரமும் ஒரு பொய்த் தேதியும்

நான் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். என் எழுத்து கோணலாக வரும். ஒற்று எங்கே போடுவது என்று இன்றைக்கும் சந்தேகம். நடந்ததில் பாதி மறந்தும் போயிற்று. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

திருப்பதியில் ஒரு ஸ்கேன் சென்டரில் இருபத்திரண்டு வருஷம் ஆயாம்மாவாக வேலை பார்த்தேன். முட்டி வலி வந்ததும் நின்றுவிட்டேன். எனக்குப் பிறகு சேர்ந்த பெண்கள், வேலையில் பார்த்ததை எழுதிக் கொடுங்கள் என்றார்கள். நேரில் கேட்டால் எனக்குப் பேச்சு வராது என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

வேலை

டோக்கன்படி பெயரைக் கூப்பிட வேண்டும். வெயிட் பார்க்க வேண்டும். பெட்டில் காகிதம் மாற்ற வேண்டும். ஜெல் பாட்டிலை வெந்நீர்ச் சொம்பில் வைத்துக் கொஞ்சம் சூடாக்கி வைத்தால் வயிற்றில் பட்டதும் பெண்கள் துள்ளமாட்டார்கள். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானாகச் செய்தேன்.

வயிற்றின் மேல் பார்க்கும் ஸ்கேனுக்கு நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். ஆரம்ப வாரங்களில் உள் ஸ்கேன் பார்ப்பார்கள், அதற்கு பாத்ரூம் போய்விட்டு வர வேண்டும். இதை மாற்றிச் சொல்லிவிட்டால் அன்றைக்கு வரிசையே நின்றுபோகும். ஒருமுறை சாந்திபுரத்திலிருந்து வந்த அம்மா உள் ஸ்கேனுக்கு மூன்று பாட்டில் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். ஏம்மா என்றால், "பஸ்ல பக்கத்துல உக்காந்திருந்த அம்மா சொல்லிச்சு" என்றார்.

கணக்கு

புதிதாக வருகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது வாரக் கணக்கு. நம் வீடுகளில் நாள் தள்ளிப்போனதிலிருந்து எண்ணுவார்கள். டாக்டர்கள் அப்படி எண்ணமாட்டார்கள். கடைசியாக வீட்டுக்குத் தூரமான முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள். அப்படிப் பார்த்தால் முதல் இரண்டு வாரம் வயிற்றில் ஒன்றுமே இருக்காது, கணக்கு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். மூன்றாவது வாரம் கரு உண்டாகும். நான்காவது வாரத்தில் கர்ப்பப்பையில் ஒட்டும். நாள் தள்ளிப்போய் கிட்டில் இரண்டு கோடு வரும்போது டாக்டர் கணக்கில் ஐந்தாவது வாரம் ஓடும். "நேத்துதான் தெரிஞ்சுது, அதுக்குள்ள எப்படி அஞ்சு வாரம்?" என்று கேட்காத மாமியாரே கிடையாது.

ஆக, எல்லாம் அந்த ஒரு தேதியில்தான் நிற்கிறது. அந்தத் தேதியை எங்கள் சென்டரில் ஹாலில் வைத்துத்தான் கேட்பார்கள். கவுண்டரில் லாவண்யா என்று ஒரு பெண். கெட்டிக்காரி. ஸ்கேனுக்கு முன்னால் கவர்மெண்ட் ஃபாரம் ஒன்று நிரப்ப வேண்டும், அதில் தேதிக்கு ஒரு கட்டம் இருக்கிறது. முப்பது பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் "லாஸ்ட் பீரியட் டேட் செப்பண்டி", தேதி சொல்லுங்கள் என்று தெலுங்கில் சத்தமாகக் கேட்பாள். அதைத் தப்பென்று நானும் நினைத்ததில்லை.

ஐந்தாவது வாரம்

நகரி பக்கத்திலிருந்து ஒரு மாமியாரும் மருமகளும் வந்தார்கள். வீட்டில் பவர்லூம் ஓடுகிறது. மருமகள் ரேவதி, இருபத்து நான்கு வயது இருக்கும், பிறந்த வீடு பாகாலா. கல்யாணமாகி மூன்று வருஷம் குழந்தை இல்லை. மாமியார் நாகம்மா. மடித்த தினக்காலண்டர் தாள்களை ஒரு மஞ்சள் பையில் வைத்திருந்தார்.

லாவண்யா தேதி கேட்டதும் ரேவதி வாயைத் திறக்கவில்லை. நாகம்மாதான் சொன்னார்.

"அது அம்மா ஊட்டுல இருக்கசொல்ல ஆச்சு. தாளக் கிழிச்சு வெச்சிருக்கேன், பாரு."

அந்தத் தேதிப்படி ஏழு வாரம் ஐந்து நாள். லாவண்யா எழுதிக்கொண்டாள்.

"கிட்டுல பாத்தீங்களா?"

"பாத்தோம். மொதல் தபா கோடே வரல. நாள் தள்ளி ஒரு வாரம் ஆயிடுச்சு, கோடு வரலன்னா இன்னா அர்த்தம்? கிட்டு பழசுன்னு மெடிக்கல்காரன்கிட்ட சண்ட போட்டுட்டு வந்தேன். அப்பறம் ரெண்டு வாரம் கழிச்சு வேற கடையில வாங்கினேன். பளிச்சுனு ரெண்டு கோடு."

ஹாலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ரேவதி சிரிக்கவில்லை.

உள் ஸ்கேன். நாகம்மா வெளியே இருக்கமாட்டேன் என்று கூடவே வந்து தலைமாட்டில் நின்றுகொண்டார். டாக்டரம்மா தெலுங்குக்காரர், நல்ல மனுஷி, தமிழும் பேசுவார். மெஷினில் இரண்டு மூன்று தடவை அளந்து பார்த்தார்.

திரையில் ஒரு கறுப்பு வட்டம் இருந்தது. கொண்டைக்கடலை அளவு. அதைப் பை என்பார்கள். உள்ளே குழந்தை இல்லை. ஐந்தாவது வாரத்தில் அப்படித்தான் இருக்கும். ஆனால் ஏழு வாரம் தாண்டிய கணக்குக்கு உள்ளே குழந்தையும் துடிப்பும் தெரிய வேண்டும்.

"ஏமம்மா, டேட் கரெக்டா?" என்று டாக்டரம்மா ரேவதியைக் கேட்டார்.

"கரெக்ட்டும்மா. தாள் கீது" என்றார் நாகம்மா.

"நான் அந்தப் பொண்ணக் கேட்டேன்."

ரேவதி மாமியாரைப் பார்த்தாள். பிறகு, "கரெக்ட் மேடம்" என்றாள்.

"டேட் கரெக்ட்னா வளர்ச்சி பத்தல. அஞ்சு வாரம் சைஸ்தான் இருக்குது. அவசரம் ஒண்ணும் லேது. பத்து பன்னெண்டு நாள் கழிச்சு இன்னொரு தடவ பாக்கலாம். அதுக்கு முந்தி ஒண்ணும் முடிவு பண்ணக் கூடாது."

"வளரலன்னா செத்துப் போச்சுன்னுதானே? செத்தத வயித்துல வெச்சிக்கினு பன்னெண்டு நாள் இருக்கறதா? வெஷமாப் பூடாதா? இன்னிக்கே கிளீன் பண்ணிடுங்கம்மா."

"இன்னிக்கு நான் பண்ணமாட்டேன்."

"அப்ப வேற எடத்துக்கு இட்டுக்கினு போறேன். மாத்திரை குடுத்து அனுப்பற எடம் இல்லாமலா பூடுச்சு?"

அவர் கெட்டவர் இல்லை. மருமகளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயம் அவருக்கு. பையனுக்குப் போன் பண்ண வேண்டும் என்று ஹாலுக்குப் போனார். ரேவதியை நான் பாத்ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

பாத்ரூமில்

கதவைச் சாத்திக்கொண்டு அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எழுப்பப் போனேன்.

"ஆயாம்மா, அந்தத் தேதி நெஜம் இல்ல."

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் அழுதுகொண்டே சொன்னதைச் சுருக்கி எழுதுகிறேன். குழந்தை வேண்டி மலைக்கு வருவதாக நாகம்மா வேண்டுதல் வைத்திருந்தார். ஆறு பேருக்கு தரிசன டிக்கெட் எடுத்துவிட்டுப் பாகாலாவுக்குப் போன் போட்டு, அந்தத் தேதிக்கு உனக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டிருக்கிறார். இவளுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நாளில்தான் வரும் என்று சொன்னால் மொத்தக் குடும்பத்தின் பயணமும் நின்றுபோகும், அதுவும் இவளுக்காக வைத்த வேண்டுதல். இங்கேயே ஆகி முடிந்துவிட்டது அத்தை என்று சொல்லிவிட்டாள். கொஞ்சம் தள்ளி வரும் என்று நினைத்திருக்கிறாள். மலையில், கியூவில் நிற்கும்போதே வந்துவிட்டது.

"யாருக்கும் சொல்லல. அப்படியே உள்ள போயிட்டேன். ஊட்டுக்கு வந்து அஞ்சு நாளும் வெளக்கு ஏத்தினேன். அதான் சாமி குடுத்துட்டு புடுங்கிக்கிச்சு."

அவள் சொன்ன பொய்த் தேதிக்கும் மலைக்குப் போன நாளுக்கும் நடுவில் பதினாறு நாள். மாமியார் முதல் கிட்டு வாங்கியபோது கோடு வரும் அளவுக்கு இவள் வயிற்றில் ஒன்றும் இருந்திருக்காது. கடைக்காரன் மேல் தப்பே இல்லை.

நானும் அந்த நாட்களில் மலைக்குப் போகிறவள் இல்லை. என் வீட்டிலும் அந்தப் பழக்கம் உண்டு. அவள் செய்தது சரி என்று என்னால் சொல்ல முடியவில்லை, தப்பு என்று சொல்லவும் வாய் வரவில்லை. எனக்குத் தெரிந்தது விரலை விட்டு எண்ணுவதுதான். எண்ணினேன். ஐந்து வாரம் மூன்று நாள் வந்தது. மெஷின் சொன்னதும் அதுதான்.

"நீ சொல்றது நெஜம்னா அது சின்னதா இல்லம்மா. இருக்க வேண்டிய அளவுலதான் இருக்குது" என்றேன்.

"அத்தைக்குத் தெரிஞ்சா இனிமே எது நடந்தாலும் இதான் காரணம்னு சொல்லும். செத்தாலும் சொல்லிடாத ஆயாம்மா."

"டாக்டரம்மாகிட்ட நீயே சொல்லு, வா."

"ரூம் கதவாண்ட அத்தை நிக்கும்."

இருபத்திரண்டு வருஷத்தில் டாக்டரம்மாவிடம் நான் "சரி மேடம்", "ஜெல் தீந்துபோச்சு மேடம்" என்பதைத் தவிர அதிகம் பேசியவள் இல்லை. அடுத்த பேஷன்ட்டைக் கூப்பிடாமல் தனியாக உள்ளே போனேன். கையில் இருந்த டிஷ்யூ ரோலைப் பிரித்துப் பிரித்துச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"ஏமி ஆயாம்மா, நெக்ஸ்ட் எக்கட?" என்றார், அடுத்த ஆள் எங்கே என்று.

"மேடம், அந்த நகரிப் பொண்ணு சொன்ன தேதி தப்பு மேடம். பதினாறு நாள் கம்மி."

"யாரு சொன்னா?"

"அந்தப் பொண்ணே சொல்லிச்சு. மாமியாருக்குத் தெரியக் கூடாதாம்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. ஃபாரத்தை எடுத்துப் பார்த்தார், திரையில் இருந்த அளவைப் பார்த்தார். "அவங்க போறதுக்கு முந்தி கூப்பிடு" என்றார்.

அதற்குள் நாகம்மா மருமகளைக் கையைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போய்விட்டார். ஓடிப்போய் கூப்பிட்டேன். நான் ஓடி அன்றைக்குத்தான் லாவண்யா பார்த்தாளாம்.

டாக்டரம்மா பொய்யும் சொல்லவில்லை, உண்மையையும் போட்டு உடைக்கவில்லை. "அம்மா, நான் மறுபடி பாத்தேன். கரு தங்கினது லேட்டு. மெஷின் அஞ்சு வாரம்னு சொல்லுது, நான் மெஷினத்தான் நம்புவேன். பன்னெண்டு நாள் கழிச்சு வாங்க. அதுவரைக்கும் எவன் குடுத்தாலும் மாத்திரை முழுங்கக் கூடாது. வயித்து வலியோ ரத்தமோ வந்தா உடனே ஓடி வரணும்."

"அப்ப என் காலண்டர் பொய்யா?"

"காலண்டர் பொய் இல்லம்மா. லேட்டாத் தங்கறது உண்டு."

நாகம்மா என்னைப் பார்த்தார். நான் ஜெல் பாட்டிலைத் துடைத்தேன்.

ஆறாவது வாரம்

அந்த வாரம் அவர்கள் வரவில்லை, வரவும் வேண்டியதில்லை. ஆனால் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. டாக்டரம்மா என்னிடம் ஒன்று சொல்லியிருந்தார். தேதி சரியாகிவிட்டது என்றால் எல்லாம் சரியாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை, அஞ்சாவது வாரப் பை சிலருக்கு அப்படியே நின்றுவிடும், நின்றால் யார் மேலும் குற்றம் இல்லை என்றார். நின்றுபோனால் ரேவதி தன்மேல்தான் போட்டுக்கொள்வாள் என்று எனக்குத் தெரியும்.

ஆறாவது வாரத்தில் மற்றவர்களுக்கு நான் பார்த்தது இது. பைக்குள் ஒரு சின்ன வளையம் தெரியும், அதன் ஓரத்தில் அரிசி நொய் போல ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் குழந்தை. சிலருக்கு அப்போதே துடிப்பு தெரியும், சிலருக்கு இன்னும் சில நாள் ஆகும். தெரியாமல் போனவர்கள் அழுதுகொண்டே போய், பத்து நாளில் சிரித்துக்கொண்டே வந்ததும் உண்டு. அழுதபடியே திரும்பி வந்ததும் உண்டு. இரண்டையும் எழுதத்தான் வேண்டும்.

ஏழாவது வாரம்

சொன்ன நாளில் வந்தார்கள். மஞ்சள் பை ரேவதி கையில் இருந்தது, மாமியார் கையில் ஒன்றும் இல்லை. நாகம்மா இந்தத் தடவை திரைச்சீலைக்கு வெளியிலேயே நின்றார். "நான் பாக்க மாட்டேன். நீங்களே பாத்து சொல்லுங்க" என்றார்.

ரேவதி கண்ணை மூடிக்கொண்டு என் விரலைப் பிடித்திருந்தாள். எலும்பு நொறுங்கும்போல் இருந்தது.

திரையில் அந்தக் கறுப்புப் பை பெரிதாகியிருந்தது. உள்ளே வேர்க்கடலைப் பருப்பு அளவில் ஒன்று. அதன் நடுவில், இன்வர்ட்டர் பெட்டியில் விளக்கு மினுக்குமே, அப்படி விடாமல் மினுக்கியது. டாக்டரம்மா மெஷினில் துடிப்புச் சத்தம் வைக்கவில்லை. இவ்வளவு சின்னதுக்குச் சத்தம் வைக்கக் கூடாது என்பார். கோடு மட்டும் போட்டு எண்ணினார்.

"கண்ணத் தொறம்மா. ஏழு வாரம் ஒரு நாள். ஹார்ட் பாகுந்தி."

ரேவதிக்குத் தெலுங்கு தெரியும், ஆனாலும் என்னைப் பார்த்து, "இன்னா சொல்றாங்க?" என்றாள்.

"நல்லாத் துடிக்குதாம்" என்றேன்.

வெளியே இருந்து நாகம்மா, "எனுக்கும் கேட்டுச்சு" என்றார். உள்ளே வரவில்லை. மூக்கைச் சிந்தும் சத்தம் வந்தது.

ஒன்பதாவது வாரம்

எட்டாவது வாரத்தில் ரேவதிக்கு வாந்தி தொடங்கி ஒன்பதாவதில் உச்சத்துக்குப் போயிற்று. எடை இரண்டு கிலோ குறைந்திருந்தது. நிறையப் பேருக்கு இந்த வாரங்கள்தான் கஷ்டம். பிள்ளை பேரீச்சங்கொட்டை நீளம்தான் இருக்கும், அதற்குள் அம்மாவை ஆட்டி வைக்கும். திரையில் பார்த்தால் தலை பெரிதாகவும் கை கால் மொட்டு விட்டதுபோலவும் தெரியும்.

"துன்னா வாந்தி, துன்னலன்னா மயக்கம்" என்றார் நாகம்மா. "தறி ஊட்டாண்டயே வர மாட்டேங்குது. நூல் கஞ்சி வாசனை ஆவலயாம். நான் ரெண்டு பெத்தேன், ஒரு நாள் தறிய வுட்டு எழுந்ததில்ல."

"ரெண்டு புள்ளைக்கும் நீங்க வாந்தி எடுக்கலையா அத்தை?" என்றாள் ரேவதி, கண்ணைத் திறக்காமலே.

"எடுத்தேன். எடுத்துட்டு வந்து மறுபடி உக்காந்தேன். எனுக்கு யாரு ரஸ்க்கு வாங்கிக் குடுத்தா?"

சொல்லிவிட்டுப் பையிலிருந்து ரஸ்க் பொட்டலத்தை எடுத்து அவள் மடியில் வைத்தார். பெட்டை விட்டு எழுவதற்கு முன்னால் ஒன்று தின்ன வேண்டும், தண்ணீரை வாய் வாயாகக் குடிக்க வேண்டும், வயிற்றைக் காலியாக விடக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னார். தண்ணீர்கூட நிற்கவில்லை என்றால் வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. ரேவதிக்கு அன்றைக்கு குளுக்கோஸ் ஏற்றித்தான் அனுப்பினார்கள். சாயங்கால நகரி பஸ்ஸுக்குப் போனார்கள்.

பன்னிரண்டாவது வாரம்

பத்து, பதினொன்றில் வரவில்லை. பன்னிரண்டில் வந்தபோது முகம் தெளிந்திருந்தது. வாந்தி குறைந்து, எடை திரும்பியிருந்தது. இந்த ஸ்கேனில் பிள்ளையின் கழுத்துக்குப் பின்னால் இருக்கும் நீரை அளந்து பார்ப்பார்கள். பிள்ளை எலுமிச்சம்பழ அளவு. கை, கால், விரல், மூக்கு எல்லாம் தெரியும். அன்றைக்கு அது சும்மா இருக்கவில்லை, எகிறிக்கொண்டே இருந்தது. அளக்க விடவில்லை. டாக்டரம்மா வயிற்றைத் தட்டி, அவளை இருமச் சொல்லி, நாலு தடவை பார்த்தார்.

நாகம்மாவை உள்ளே கூப்பிட்டோம். திரையை வெகுநேரம் பார்த்தார்.

"எல்லாம் கீதா?"

டாக்டரம்மா சுவரில் இருந்த போர்டைக் காட்டினார். ஆணா பெண்ணா என்று சொல்லமாட்டோம் என்று எழுதிய போர்டு.

"நான் அதயா கேட்டேன்? விரல் அஞ்சும் கீதான்னு கேட்டேன்."

"அஞ்சு அஞ்சு இருக்குது."

ரேவதி துணி மாற்றப் போனாள். வெயிட் மெஷின் பக்கத்தில் நானும் நாகம்மாவும் மட்டும் நின்றோம். அவர் ரிப்போர்ட்டில் இருந்த பிரசவத் தேதியைத் தடவிக்கொண்டே பேசினார்.

"கவுண்டர் பொண்ணு சொல்லிச்சு, கடைசித் தேதியோட ஒம்பது மாசம் ஏழு நாள் கூட்டி இதப் போடறாங்கன்னு. நான் பின்னால எண்ணிப் பாத்தேன்."

நான் மெஷினைப் பார்த்தேன்.

"நாங்க மலைக்குப் போன நாள் வருது. அன்னிக்கு அது வயித்தப் புடிச்சிக்கினே நடந்துது. நான் பசின்னு நெனச்சி லட்டு குடுத்தேன்."

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றேன். நான் சொன்ன பொய்களில் இது ஒன்று.

"தெரியாட்டிப் போவுது. நீ அதுங்கிட்ட சொல்லிடாத, நானும் கேக்க மாட்டேன். சாமிக்கு எதிர்க்கப் போயி நின்னுது. சாமியே ஒண்ணும் சொல்லாம குடுத்து அனுப்பிச்சிது. நடுவுல நான் யாரு?" பிறகு, "வெயிட்டு எத்தினி இன்னிக்கு?" என்றார்.

"நாப்பத்தெட்டரை."

"ரெண்டு பேருக்கும் சேத்துமா? பத்தாதே" என்றார்.

கற்றுக்கொண்டது

ரேவதி முதல் தடவை வந்து போனதற்கு அடுத்த நாளே டாக்டரம்மா லாவண்யாவைக் கூப்பிட்டு, தேதியை இனிமேல் ஹாலில் கேட்கக் கூடாது, வெயிட் பார்க்கும் இடத்தில் திரை போட்டுத் தனியாகக் கேட்க வேண்டும் என்றார். கேட்கும் வேலையை என்னிடம் கொடுத்தார். கூட வந்தவர்களைத் திரைக்கு வெளியே நிறுத்திவிட்டு, மெதுவாகக் கேட்பேன். முதலில் ஒரு தேதி சொல்வார்கள். நான் உடனே எழுதமாட்டேன், எடை முள் நிற்கும்வரைக்கும் காத்திருப்பேன். பத்தில் ஒருத்தி இரண்டாவதாக வேறு தேதி சொல்வாள். அதைத்தான் எழுத வேண்டும். ஏன் முதலில் அப்படிச் சொன்னாய் என்று கேட்கவே கூடாது.

வாரக் கணக்கும் அளவும் நான் திரையில் பார்த்து மனதில் வைத்ததை எழுதியிருக்கிறேன். எந்த வாரத்துக்கு எவ்வளவு என்பதில் ஒன்றிரண்டு தவறியிருக்கலாம். படித்த நர்சம்மா யாராவது இதை ஒருமுறை பார்த்துத் திருத்தித் தர வேண்டும். தெலுங்கு வார்த்தைகளையும் பார்க்க வேண்டும். பெண்ணின் பெயர், மாமியார் பெயர், ஊர், இதெல்லாம் நான் மாற்றி எழுதியவை. அவற்றை மட்டும் யாரும் சரிபார்க்க வேண்டாம்.